ஆர்எக்ஸ் 100 ஏர் எடுக்கிறதா? டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றுக் கசிவைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிகள் இன்னும் நம் ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 98 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். மிக இளைய வண்டிக்குக்கூட இப்போது ஏறக்குறைய முப்பது வயது. அந்த வயதில் உலோகத்தைவிட ரப்பர்தான் முதலில் தளர்கிறது. அதனால் வரும் காற்றுக் கசிவைப் பற்றி என்னிடம் பலர் கேட்ட கேள்விகளையும், என் வண்டியில் கைப்பட்டுக் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

"ஏர் எடுக்கிறது" என்று மெக்கானிக் சொன்னார். அப்படியென்றால் என்ன?

கார்புரேட்டர் வழியாக வராத காற்று, வேறு ஏதோ ஓட்டை வழியாக எஞ்சினுக்குள் போகிறது என்று பொருள். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் அறை வெறும் எண்ணெய்த் தொட்டி. டூ ஸ்ட்ரோக்கில் அந்த அறைதான் பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. கீழே வரும்போது அதை அழுத்திச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே கிராங்கின் இரு முனைகளில் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல், எஞ்சின் கேஸின் நடு இணைப்பு, சிலிண்டர் அடியில் இருக்கும் பேக்கிங், கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு, கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் மேனிஃபோல்டு ரப்பர் ஆகிய எல்லாமே காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். ஒன்று விட்டாலும் கலவையில் காற்றின் பங்கு கூடுகிறது, எரிதல் சூடாகிறது, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடிக்கிறது.

பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுபவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. உள்ளே போகும் பெட்ரோலின் பங்கு குறைந்தால், அதோடு சேர்ந்து வரவேண்டிய ஆயிலும் குறையும். 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் பம்பு கழற்றப்படாமல் வேலை செய்யும் வண்டியில் ஆயில் தனிவழியில் வருவதால் அந்த ஒரு கஷ்டம் மட்டும் இல்லை. சூடு இருக்கத்தான் செய்யும்.

என் வண்டியில் கசிவு இருக்கிறது என்பதை எந்த அறிகுறியால் சந்தேகிக்கலாம்?

நான் முதலில் பார்ப்பது ரேஸ் இறங்கும் விதத்தை. வண்டி சூடான பிறகு நியூட்ரலில் ஒரு முறை ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். நல்ல எஞ்சின் உடனே இறங்கி ஐட்லிங்கில் உட்காரும். காற்று எடுக்கும் எஞ்சின் மேலேயே சில விநாடி தொங்கும், பிறகு தயங்கித் தயங்கி இறங்கும். இன்று ஐட்லிங் வைத்தால் நாளை மாறியிருக்கும். காலையில் பல உதை வாங்கும். சோக்கை இழுத்தபடி ஓட்டினால் நன்றாக ஓடுவது போலத் தோன்றும்.

இவற்றில் எதுவும் தனியாக ஆதாரம் ஆகாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் சோதனைக்கு உட்கார வேண்டும், அதுவும் அடுத்த நீண்ட பயணத்துக்கு முன்பே.

பிளக் வெள்ளையாக இருக்கிறது. கசிவுதானே?

அவசரப்பட வேண்டாம். பைலட் ஜெட்டில் (ஐட்லிங்கின்போது பெட்ரோல் விடும் நுண்துளை) தூசி அடைத்திருந்தாலும், ஃப்ளோட் மட்டம் குறைந்திருந்தாலும், பெட்ரோல் குழாய் போதிய அளவு விடாவிட்டாலும், சூடான ரகப் பிளக்கைப் போட்டிருந்தாலும் வெள்ளை தட்டும். தேய்ந்துபோன கார்புரேட்டர் ஸ்லைடும் கசிவு போலவே நடிக்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை முன்பைவிடச் சற்று மெலிந்துதான் எரியும். பழைய ரப்பர்கள் சிலவற்றை எத்தனால் ஊதவும் இளக்கவும் செய்யும் என்பதால், இரண்டு சிக்கலும் ஒரே நேரத்தில் வந்து குழப்புவதும் உண்டு.

எனவே கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவிட்டுச் சோதனைக்குப் போங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பெரிய ஜெட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்கே காரணம் இந்தக் கேள்விதான்.

பழைய வண்டியாக வாங்கிய என் ஆர்எக்ஸில் ஐட்லிங் பல வாரம் அலைந்தது. ஒரு பட்டறையில் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். பிளக் பழுப்பாகிவிட்டது, எனக்கும் நிம்மதி. இரண்டு வாரம் கழித்து ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, பின்சக்கரம் அப்படியே நின்று இழுத்தது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். பிரித்துப் பார்த்தபோது மேக்னெட் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் பகுதி) பக்க சீலின் உதடு காய்ந்த தோல் போல விறைத்திருந்தது. விரல் நகத்தால் அழுத்தினால் வெடித்தது.

ஏன் இறக்கத்தில் பிடித்தது என்பதைப் புரிந்துகொண்டால், ஜெட் ஏன் மருந்தாகாது என்பதும் புரியும். ஆக்சிலேட்டரை மூடியபடி கியரில் இறங்கும்போது, வண்டியின் வேகம் எஞ்சினை வேகமாகச் சுற்றுகிறது, கார்புரேட்டரின் வாய் மூடியிருக்கிறது. கிராங்க் அறையில் உறிஞ்சல் அப்போதுதான் மிக அதிகம். கார்புரேட்டரில் கிடைக்காத காற்றை ஓட்டையிலிருந்து அது இழுத்துக்கொள்கிறது. மெயின் ஜெட்டோ ஆக்சிலேட்டர் நிறையத் திறந்திருக்கும்போதுதான் வேலை செய்யும். கசிவு மிகக் கொடுமையாக இருக்கும் இடத்தில் அதற்குப் பங்கே இல்லை. மேலும் அந்த ஓட்டை இன்றைய அளவிலேயே நிற்காது. இன்று அதற்கு ஏற்றபடி ஜெட் வைத்தால் அடுத்த மாதம் அந்தக் கணக்குத் தவறும்.

வண்டியைப் பிரிக்காமல் தேட வழி உண்டா?

உண்டு. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை மேனிஃபோல்டு ரப்பர், ரீட் வால்வு இணைப்பு, சிலிண்டர் அடி என்று ஒவ்வோர் இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். ஓரிடத்தில் அடித்ததும் ரேஸ் மாறினால் காற்று அங்கே நுழைகிறது. ஏர் ஃபில்டர் பக்கம் ஸ்பிரே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே உறிஞ்சப்பட்டாலும் ரேஸ் மாறும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

சிலர் இதற்கு ஊசியில் பெட்ரோலை எடுத்துப் பீய்ச்சுகிறார்கள். சூடான சைலன்சருக்கு அருகில், பிளக் வயருக்குக் கீழே பெட்ரோலா? தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்பிரேயும் தீப்பிடிக்கக்கூடியதுதான். திறந்த வெளியில், ஈரச் சாக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இந்தச் சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது. கிராங்க் சீல் இரண்டும் மூடிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஸ்பிரே அங்கே எட்டாது.

அப்படியானால் உறுதியான சோதனை எது? வீட்டில் செய்ய முடியுமா?

அழுத்தச் சோதனை. கட்டாயம் முடியும். பெரிய கருவி தேவையில்லை: ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் கைப் பம்பும் வட்ட முகப்புக் கொண்ட அளவியும் போதும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குச் சோதனை அழுத்தம் சுமார் 6 பிஎஸ்ஐ. ஒரு பிஎஸ்ஐ ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் பாதரசம். ரத்த அழுத்த அளவியின் முள் 300 வரை போகும், அது கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ. இதைவிடப் பொருத்தமான அளவியை விலைகொடுத்துத் தேட வேண்டியதில்லை. காற்றடிக்கும் கடையின் குழாயை மட்டும் எஞ்சினில் வைக்காதீர்கள். 10 பிஎஸ்ஐ தாண்டினால் நல்ல சீலே இருக்கையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

எஞ்சின் முழுவதும் ஆறட்டும். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றுங்கள். சைலன்சர் சேரும் வாயைப் பழைய டியூபிலிருந்து வெட்டிய தடித்த ரப்பரும், அதன்மேல் ஓர் இரும்புத் தகடும் வைத்து முறுக்கி மூடுங்கள். மேனிஃபோல்டு ரப்பருக்குள், கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில், நடுவில் துளையிட்டுக் குழாய் செருகிய ரப்பர்த் தக்கையை வைத்து அதன் கிளிப்பை இறுக்குங்கள். பம்பு அந்தக் குழாயில் சேரும். 2டி ஆயில் குழாய் இன்லெட் பக்கம் வந்து சேரும் முனை இருந்தால் அதையும் அடைக்க வேண்டும். பிளக் தன் இடத்தில் இறுக்கமாக இருக்கட்டும்.

பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். அந்நிலையில் சிலிண்டர் சுவரில் உள்ள வழிகளான போர்ட்டுகள் எல்லாம் திறந்து கிராங்க் அறை, சிலிண்டர், ஹெட் மூன்றும் ஒரே அறையாகிவிடும். ஒரே சோதனையில் எல்லா இணைப்பும் சிக்கும்.

பம்பை இன்லெட் பக்கம் சேர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ரீட் வால்வின் இதழ்கள் உள்நோக்கித்தான் திறக்கும். சைலன்சர் பக்கமிருந்து காற்றை ஏற்றினால் அந்த இதழ்கள் மூடிக்கொண்டு மேனிஃபோல்டு ரப்பரைச் சோதனையிலிருந்து மறைத்துவிடும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முள் எவ்வளவு இறங்கலாம்?

300 வரை ஏற்றி, ஆறு நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த ஆறு நிமிடத்தில் மொத்தமாக 50-க்கு மேல் இறங்கினால் நான் விடமாட்டேன். ஒரே நிமிடத்தில் 50 இறங்கினால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது. எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன், குழாயின் முனையைக் கிள்ளிப் பிடித்துப் பம்பும் அளவியும் தாங்கள் கசியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கருவியின் காற்றுத் திருகு பல நேரம் முழுதாக மூடுவதில்லை.

அழுத்தம் நின்றுவிட்டது, ஆனாலும் ஐட்லிங் தொங்குகிறது. இது எப்படி?

உள்ளிருந்து தள்ளும் காற்று, சீலின் உதட்டைத் தண்டோடு சேர்த்து அழுத்தும். தளர்ந்த உதடுகூட அப்போது அடைத்துக்கொள்ளும். உறிஞ்சல் வரும்போது அதே உதடு விலகி வழிவிடும். அதனால் உறிஞ்சல் சோதனையும் தேவை. பிரேக் ஆயில் மாற்றப் பயன்படும் கை வேக்குவம் பம்பு இருந்தால், 150 முதல் 180 மில்லிமீட்டர் பாதரசம் வரை இழுத்துப் பாருங்கள்.

இம்முறை குழாயைச் சைலன்சர் வாயில் சேர்த்து, இன்லெட் பக்கத்தைத் துளையில்லாத தக்கையால் அடைக்க வேண்டும். இன்லெட்டிலிருந்து உறிஞ்சினால் ரீட் இதழ்கள் மூடி, முள் அழகாக நின்று பொய் சொல்லும்.

இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. ஓட்டையை எப்படிப் பிடிப்பது?

சோப்புத் தண்ணீர். பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கொஞ்சம் நீரில் கலந்து, அழுத்தம் இருக்கும்போதே தூரிகையால் தடவுங்கள். மேனிஃபோல்டு, ரீட் பெட்டி, சிலிண்டர் அடி, ஹெட், பிளக், கேஸின் நடு இணைப்பு என்று எல்லா இடத்திலும். மெதுவாக வளரும் குமிழிகளையும் கவனியுங்கள், பொறுமையில்லாதவர்கள் தவறவிடுவது அவற்றைத்தான். முதலில் நீங்கள் போட்ட தக்கைகளையே சோதியுங்கள்.

மேக்னெட் பக்க சீலைப் பார்க்க மூடியையும் ரோட்டாரையும் காயில் தட்டையும் எடுக்க வேண்டும். ரோட்டாரை எடுக்க அதற்கென்றே உள்ள புல்லர் வேண்டும், சுத்தியல் வேண்டாம். கிளட்ச் பக்க சீல் கியர் பாக்ஸுக்குள் கசியும் என்பதால் குமிழி கண்ணில் படாது. கியர் ஆயில் ஊற்றும் துளையின் மேல் சோப்புப் படலம் ஒன்றைப் பூசுங்கள். அது உப்பினால் கசிவு அந்தப் பக்கம்தான். கியர் பாக்ஸின் மூச்சுக்குழாயை அப்போது விரலால் மூடிக்கொள்ள வேண்டும்.

மேனிஃபோல்டு ரப்பர் வெடித்திருக்கிறது. ஒட்டி ஓட்டலாமா?

மாற்றுங்கள். வாங்கும்போது ரப்பரை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அது உட்காரும் பரப்பும் சமமாக இருக்க வேண்டும். தடித்த கண்ணாடியின் மேல் 400 எண் எமரித் தாளை ஒட்டி, அதில் அந்த முகத்தை எட்டு வடிவில் தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும், தீர்ந்தும்விடும்.

சிலிகான் பசை போட்டு அடைத்தால்?

சாதாரண சிலிகான் பசை பெட்ரோல் படும் இடத்தில் ஊறி உரிந்துவிடும். உரிந்த துண்டு ரீட் இதழுக்கு இடையில் சிக்கினால் புதிய தொல்லை. இன்லெட் பக்கம் பேக்கிங் மட்டும் போதும். கேஸின் நடு இணைப்புக்குப் பெட்ரோல் தாங்கும் எஞ்சின் பசையை, இரு முகத்தையும் நன்றாகத் துடைத்தபின், மெல்லிய படலமாகத் தடவினால் போதும்.

மேக்னெட் பக்க சீலை மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

முதலில் ரோட்டாரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கிறது. பேரிங்கை விட்டுவிட்டு சீலை மட்டும் மாற்றினால், ஆடும் தண்டு புதிய உதட்டையும் சில மாதத்தில் தின்றுவிடும். சீல் மட்டும் மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்க்காமல் விட்டவர்கள்.

பழைய சீலை எடுக்கும்போது ஸ்குரூடிரைவர் கேஸின் உள்வளையத்தைக் கீறக் கூடாது. அந்தக் கீறலே அடுத்த கசிவு. சென்னை புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் கேஸ் தேடி வாங்குபவர்களும் முதலில் இந்த வளையத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. தண்டில் பழைய உதடு தேய்த்த பள்ளம் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். லேசான கோடு என்றால் 1000 எண் தாளால் சுற்றித் துடைத்தால் போதும். நகம் மாட்டுகிறது என்றால், உதடு புதிய இடத்தில் உட்காரும்படி சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நிறுத்தலாம், அடியில் இருக்கும் ஆயில் துளையை மறைக்காத வரையில்.

சீலின் சுருள்கம்பி தெரியும் முகம் கிராங்க் அறையைப் பார்க்க வேண்டும். உதட்டில் 2டி ஆயில் தடவி, சரியான அளவு சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். உலர்ந்த உதட்டோடு முதல் உதை உதைத்தால் அங்கேயே கிழியும்.

கிளட்ச் பக்க சீல் போனாலும் வண்டி சூடாகுமா?

அது வேறு முகம் காட்டும். அந்தப் பக்கம் உறிஞ்சும்போது கியர் ஆயிலும் சேர்ந்து வரும். வண்டி சூடான பிறகும் நிற்காத கனத்த வெண்புகை, பிளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு, மாதாமாதம் குறையும் கியர் ஆயில் ஆகியவை அதன் அடையாளம். எதிர்த்திசையிலும் நடக்கும். கலவை கியர் பாக்ஸுக்குள் தள்ளப்பட்டு, கியர் ஆயில் நீர்த்துப் பெட்ரோல் வாசனை அடிக்கும். கிளட்ச் மூடி, பிரைமரி கியர் எல்லாம் கழன்றால்தான் சீலைத் தொட முடியும். சில எஞ்சின்களில் சீலின் வெளிவிளிம்பு கேஸின் பள்ளத்தில் கோத்திருக்கும். அப்படிப்பட்டதைக் கேஸைப் பிளக்காமல் எடுக்க முயலாதீர்கள்.

ஹெட் பேக்கிங் கசிவும் இதில் சேருமா?

அது பெரும்பாலும் வெளியே தள்ளும் கசிவு. விளிம்பில் கறுத்த எண்ணெய்க் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி, எமரித் தாள், புதிய பேக்கிங், குறுக்குக் குறுக்காக இறுக்குதல், அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ரேஸ் தானாக ஏறி, சாவியை அணைத்தாலும் நிற்கவில்லை. என்ன செய்வது?

உள்ளே ஏதோ சிவக்கக் காய்ந்து, ஸ்பார்க் இல்லாமலே கலவையைப் பற்றவைக்கிறது. வண்டி ஓட்டத்தில் இருந்தால் கிளட்சைப் பிடித்து, பிரேக்கால் பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். நின்றதும் பிரேக்கை இறுக்கி, மேல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் அணைந்துவிடும். ஏர் ஃபில்டர் வாயைத் துணியால் அடைப்பது இன்னொரு வழி. பிளக் வயரை வெறுங்கையால் பிடுங்காதீர்கள். அதன்பிறகு அந்த வண்டியைத் தள்ளித்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், எவ்வளவு தூரமானாலும்.

கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நாற்சக்கர ஏடிவி வண்டிகளுக்கும், ராஜ்தூத் 350-க்கும் இதே முறைதானா?

முறை ஒன்றுதான், அறைகள்தான் கூடும். அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்ற யமஹா பான்ஷீ ஏடிவியில் இருப்பது 347 சிசி இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஆர்டி350 எல்சி பைக்கின் வழிவந்தது. நம்மிடம் வந்த ராஜ்தூத் 350 அதே குடும்பத்தின் காற்றில் குளிரும் மூத்த கிளை. இரட்டைச் சிலிண்டரில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கிராங்க் அறை உண்டு, நடுவில் ஒரு தடுப்பு. இன்லெட்டும் சைலன்சர் வாயும் இரண்டிரண்டு என்பதால் தக்கைகளும் இரட்டிப்பு, ஒவ்வொரு பக்கத்தையும் அதன் பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தித் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஏடிவி சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் மணலிலும் ஓடுவது. அதனால் அங்கே மேனிஃபோல்டு ரப்பரையும் ஏர் ஃபில்டர் குழாயின் கிளிப்புகளையும் பருவத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்ப்பது அவசியம்.

கசிவை அடைத்துவிட்டேன். அடுத்து?

அழுத்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். சீலை மாற்றியவர்களில் பாதிப்பேர் இதைச் செய்வதில்லை. புதிய சீல் கோணலாக உட்கார்ந்திருந்தால் அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

முள் நின்ற பிறகு, கசிவுக்காகப் பெரிதாக்கிய ஜெட்டை எடுத்துவிட்டு வண்டியோடு வந்த அளவை மீண்டும் போடுங்கள், ஏர் ஸ்குரூவையும் ஐட்லிங்கையும் புதிதாக வையுங்கள். புதிய பிளக் போட்டுச் சூடாக ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் நிறத்தைப் பாருங்கள். பிஸ்டன் ஒருமுறை பிடித்த வண்டி என்றால் சிலிண்டரைக் கழற்றிச் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். அலுமினியம் அப்பிய கீறல் இருந்தால் சிலிண்டரைக் கடைந்து போர் செய்துவிட்டுத்தான் மலைப்பாதைக்குப் போக வேண்டும். என் வண்டி அதன்பின் மூன்று முறை ஏற்காடு ஏறி இறங்கிவிட்டது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அந்தப் பழைய ரத்த அழுத்தக் கருவியை எடுத்து வைத்து ஆறு நிமிடம் அதன் முன் உட்காருகிறேன்.